நாலு விநாடி ஓடி நின்ற என்ஜின்

வாசகர் கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறோம். பண்ணைக்குட்டையிலிருந்து தண்ணீர் இறைக்க 2 இன்ச் பெட்ரோல் பம்ப்செட் ஒன்று உண்டு. 163 சிசி, நாலு ஸ்ட்ரோக், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. ஐப்பசி மழை பிடித்ததும் கொட்டகையில் வைத்தோம். கவாத்து முடிந்து, பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் கட்டலாம் என்று எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே இல்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். புதுப் பெட்ரோல் ஊற்றினேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது, துடைத்துப் போட்டேன். ஒரே ஒரு தடவை சோக் போட்டு இழுத்தபோது நாலு விநாடி ஓடி நின்றுவிட்டது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யணும், அதற்குப் புது மிஷினே வாங்கலாம் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து பார்க்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் சொன்னதையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் என்ஜின் என்ன சொல்கிறது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிளக் காய்ந்திருந்தது என்பது ஒன்று. நாலு விநாடி ஓடியது என்பது இன்னொன்று. வத்தலகுண்டில் பம்ப்செட்டும் ஸ்பிரேயரும் பழுது பார்த்து இருபத்தேழு வருடம் ஆகிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலானவர்கள் சொல்வது “ஸ்டார்ட் ஆகல” என்ற ஒரு வார்த்தைதான்.

அந்த நாலு விநாடியை எடுத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பெட்ரோல் வெடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்று குறைவாகவே வைத்தாலும், நாலு விநாடியில் ஐம்பது தடவை வெடித்திருக்கிறது. ஐம்பது தடவையும் பிளக்கில் கரண்ட் வந்திருக்கிறது. எங்கள் தொழிலில் தீப்பொறியைக் கரண்ட் என்றுதான் சொல்வோம். ஐம்பது தடவையும் பிஸ்டன் காற்றை நன்றாக அழுத்தியிருக்கிறது. கம்ப்ரஷன் போன என்ஜின் அப்படி ஓடாது, ஒன்றிரண்டு தடவை இருமிவிட்டு நின்றிருக்கும். ஆக, ரீபோர் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம். அப்புறம் காய்ந்த பிளக். சோக் போட்டு அத்தனை தடவை இழுத்த பிறகு பிளக் நனைந்து, பெட்ரோல் வாடை அடிக்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டேங்கில் இருக்கிறது, பிஸ்டனுக்கு மேலே வரவில்லை. நடுவில் எங்கோ வழி அடைத்திருக்கிறது.

கயிற்றை இழுத்துப் பார்த்து கம்ப்ரஷன் இல்லை என்று சொன்னவர் வேண்டுமென்று தவறாகச் சொல்லியிருக்க மாட்டார். இந்த வகை என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன அமைப்பு இருக்கும். கயிறு இழுக்கும் வேகத்தில் மட்டும் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துவிடும். இழுக்கிறவர் கை வலிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது அது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் தானாக விலகிக்கொள்ளும். பைக்கைக் கிக்கரால் மிதித்துப் பழகிய காலுக்கும் கைக்கும் இந்தக் கயிறு இலேசாகத்தான் தெரியும். நல்ல என்ஜினையும் அதனால் போனது என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லி எடைக்குப் போக இருந்த மிஷின்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

இனி வேலைக்கு வருவோம். மிஷினைக் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான, சமதளமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கை வைக்கும் முன்னால் பிளக்கின் கேப்பைக் கழற்றி ஓரமாக விடுங்கள்.

சமதளம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாடல் பலவற்றில் ஆயில் குறைந்தால் கரண்டை நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது. வரப்பில் சாய்வாக வைத்து இழுத்தால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, இல்லாததுபோல் காட்டி, ஸ்டார்ட் ஆக விடாது. ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சமமாக வைத்த நிலையில் ஆயில் அந்த வாயின் விளிம்பு வரைக்கும் நிற்க வேண்டும். இந்த என்ஜினுக்கு மொத்தமே சுமார் 600 மில்லிதான் பிடிக்கும், அதனால் நூறு மில்லி குறைந்தாலே பெரிய குறை. ஆயிலைத் தொட்டு மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடித் தளும்பினால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கீழே கசிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது. மாற்றிவிட்டுத்தான் மறு வேலை. பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அப்போதும் அப்படித்தான்.

அப்படியே சைலன்சர் வாயையும் பாருங்கள். மழைக் காலத்தில் கொட்டகையில் மண்குளவி எந்த ஓட்டையையும் விடாது. சைலன்சர் வாயில் மண்கூடு கட்டினால் புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் ஒன்றிரண்டு விநாடி ஓடி மூச்சடைத்து நிற்கும். நாலு விநாடிக்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் மூடியையும் திறந்து பாருங்கள், எலி நார் நாராகக் கடித்து வைத்திருக்கும், அல்லது கூடு கட்டியிருக்கும். பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, சிவப்பு சுவிட்ச் ‘ஆன்’ பக்கம் இருக்கிறதா என்று நான் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே எத்தனையோ தடவை முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதெல்லாம் சரி என்றால், ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது தெரிய வேண்டும், அதற்காகத்தான் கண்ணாடி. கார்புரேட்டரின் அடியில் உருண்டையாக ஒரு கிண்ணம் தொங்குவது தெரியும். அதன் அடிப்பக்கம் சாய்வாக ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும், நடுவில் இருக்கும் பெரிய போல்ட் அல்ல. பாட்டிலைக் கீழே பிடித்து, டேப்பை மூடிய நிலையில் அந்த ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். கிண்ணத்தில் நின்ற கொஞ்சம் பெட்ரோல் பாட்டிலில் இறங்கும். அது நின்றதும் டேப்பைத் திறந்து விடுங்கள். இப்போது டேங்கிலிருந்து ஒரே சீராக ஒழுக வேண்டும். சொட்டு சொட்டாக வந்தாலோ, கொஞ்ச நேரம் வந்து நின்றாலோ, டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியைத் தளர்த்தியதும் வேகம் பிடித்தால் மூடியில் காற்று போகும் சின்னத் துவாரம் அடைத்திருக்கிறது. அப்படியும் வராவிட்டால் டேப்புக்குக் கீழே இருக்கும் வண்டல் கிண்ணத்தையும் டேங்குக்குள் இருக்கும் சல்லடையையும் கழுவ வேண்டும்.

பாட்டிலை அசையாமல் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் பாதரசத் துளி மாதிரி உருளுகிற சொட்டுகள் இருந்தால், அல்லது மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் என்று கோடு பிரிந்து தெரிந்தால், தண்ணீர். நல்ல பெட்ரோலின் வாடை மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டுப் போனது வார்னிஷ் வாடை அடிக்கும், நிறமும் கருத்திருக்கும்.

நீங்கள் புதுப் பெட்ரோல் ஊற்றியும் பலன் இல்லாமல் போனது இங்கேதான். டேங்கில் ஊற்றியது புதுசு. ஆனால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மூன்று மாதமாக நின்றது பழசு. அந்தக் கிண்ணத்தில் பிடிப்பதே சில கரண்டிதான், வெளிக்காற்றோடு தொடர்பும் உண்டு. பெட்ரோலில் எளிதில் ஆவியாகிற பகுதிதான் குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவது. கிண்ணத்தில் முதலில் பறந்து போவதும் அதுதான். மிச்சம் இருப்பது பிசின் மாதிரி கெட்டியாகி, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துவாரத்தில் படிந்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போதும் மெதுவாக ஓடும்போதும் பெட்ரோல் வரும் பைலட் ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதை அடைக்க ஒரு மணல் துகள் போதும், பிசினுக்குச் சொல்லவே வேண்டாம்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 2022இல் 10 சதவீதம் வரை வந்த கலப்பு, 2025இல் நாடு முழுக்க 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. கொஞ்சம் தண்ணீர் என்றால் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வழி அடியில்தான் இருக்கிறது, ஆகவே முதலில் இறங்குவது அந்தக் கலவைதான். பைக்கில் தினமும் ஓடித் தீர்வதால் இந்தத் தொந்தரவு அவ்வளவாகத் தெரிவதில்லை. மழைக் காலம் முழுக்க பாதி டேங்கோடு சும்மா நிற்கும் பம்ப்செட்டில்தான் தெரியும். சின்ன என்ஜின்கள் பலவற்றின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கும். உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பழைய ரப்பர் ட்யூபும் இந்தப் பெட்ரோலில் உப்பி, வெடிப்பு விடும். டேங்கிலிருந்து வரும் ட்யூபை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அரை அடி ட்யூப் மாற்றுவது பெரிய செலவல்ல.

கார்புரேட்டரைத் தொடும் முன் ஒரு சோதனை. பிளக்கைக் கழற்றுங்கள், 21 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் வேண்டும். அந்த ஓட்டையில் அரை டீஸ்பூன் பெட்ரோல் மட்டும் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சுற்றிச் சிந்தியதைத் துணியால் துடைத்து, பெட்ரோல் கேனைப் பத்தடி தள்ளி வைத்து, பிளக்கை மாட்டி, கேப்பையும் போட்டு, கயிற்றை இழுங்கள். சில விநாடி ஓடி நின்றால் சந்தேகமே வேண்டாம். கரண்ட் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, கார்புரேட்டர்தான் பெட்ரோல் கொடுக்கவில்லை. இந்தச் சோதனைக்கு முன்னால் பம்பின் மேல் மூடியைத் திறந்து தண்ணீரை நிரப்பிவிடுங்கள். என்ஜின் கிளம்பும் சந்தோஷத்தில் வெறும் பம்பை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சீல் கருகும். அப்புறம் என்ஜின் ஓடும், தண்ணீர் வராது.

இப்போது கார்புரேட்டர். மாற்ற வேண்டாம், கழுவினால் போதும் என்பது என் நம்பிக்கை. டேப்பை மூடுங்கள். கிண்ணத்தின் அடியில் நடுவே இருக்கும் 10 நம்பர் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். மேலே வட்டமாக ஒரு கேஸ்கெட் இருக்கும், அது கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் வெள்ளைப் பொடியோ, துருவோ, பச்சை நிறப் பிசினோ தெரிந்தால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் காட்ட உதவும்.

மேலே ஃப்ளோட் என்ற மிதவை தொங்கும். அதைப் பிடித்திருக்கும் மெல்லிய ஊசியை உருவினால் ஃப்ளோட்டும், அதோடு கூம்பு முனை கொண்ட நீடிலும் வரும். நீடிலின் முனையில் இருக்கும் ரப்பரை நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் நீடில் மாற்ற வேண்டும். ஆயிலில் பெட்ரோல் கலக்கிறதென்றால் குற்றவாளி அநேகமாக அதுதான். நடுவில் இருக்கும் தூண் மாதிரியான பகுதிக்குள், ஆழத்தில், பித்தளை மெயின் ஜெட் இருக்கும். வாய்க்குச் சரியாகப் பொருந்தும் தட்டை ஸ்க்ரூ டிரைவரால்தான் கழற்ற வேண்டும். அளவு சரியில்லாத டிரைவரை வைத்துத் திருகினால் பித்தளை நசுங்கி, பிறகு யாராலும் எடுக்க முடியாது. ஜெட் வந்த பிறகு அதற்கு மேலே பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு குழல் இருக்கும், கார்புரேட்டரை லேசாகத் தட்டினால் விழும். பைலட் ஜெட் மேல்பக்கத்தில், ஐடில் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கிறது. பிளாஸ்டிக் தலை கொண்டது. ஐடில் ஸ்க்ரூவை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே கழற்றினால், மாட்டும்போது அதே இடத்தில் நிறுத்தலாம். அதற்குப் பிறகு பைலட் ஜெட்டை மெதுவாக நெம்பி எடுக்கலாம்.

ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் வட்டமான வெளிச்சப் புள்ளி ஒன்று பளிச்சென்று தெரியும். உங்களுடையதில் ஒன்றுமே தெரியாது, அல்லது பிறை மாதிரி ஒரு கீற்று தெரியும் என்று நினைக்கிறேன். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஜெட்டிலும், கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு துவாரத்திலும் அடித்து, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கண்ணில் படாமல் அடியுங்கள், அது துவாரம் வழியாகத் திரும்பி முகத்துக்கே பீய்ச்சும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. ஊறிய பிறகும் வெளிச்சம் தெரியாவிட்டால், பழைய ஒயரைச் சீவி, அதற்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்து உள்ளே விட்டு எடுங்கள். ஊக்கு, ஊசி, டிரில் பிட் மட்டும் வேண்டவே வேண்டாம். பித்தளை மெதுவானது, இரும்பு முனை பட்டால் துவாரம் அகன்றுவிடும். ஜெட் துவாரம் கொஞ்சம் பெரிதானால் பெட்ரோல் கூடுதலாக இறங்கி, கரும்புகை விட்டு, லிட்டர் கணக்கில் குடிக்கும். “கழுவினதுக்கப்புறம் பெட்ரோல் அதிகமா பிடிக்குது” என்று கொண்டு வருகிற கார்புரேட்டர்களில் பாதிக்கு மேல் ஊக்கு குத்தியவைதான்.

கடைசியாக சைக்கிள் பம்பால் எல்லாத் துவாரத்திலும் காற்றடித்து, கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுங்கள். கிண்ணத்துப் போல்ட்டின் வாஷரை மறக்க வேண்டாம். டேங்கில் இருப்பதை முழுக்க வடித்துவிட்டு ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் காத்திருந்தால் கிண்ணம் நிறையும், ஒழுகவும் கூடாது. பிறகு சோக் மூடி, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி, கயிற்றை மெதுவாக இழுத்து, கனம் தட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுங்கள். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். சோக் திறந்ததும் மறுபடி நிற்கிறது என்றால் அடைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, பைலட் ஜெட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அரை டீஸ்பூன் சோதனையிலும் உயிர் வராவிட்டால்தான் கரண்ட் பக்கம் போக வேண்டும். பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத வீட்டில் ஏடிஎம் கார்டின் தடிமன் அளவுக்குப் பயன்படும், அது 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைக்காத ஓரம் லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் இடைவெளி சரி. துடைத்த பிளக்கைவிட புதுப் பிளக் போட்டுப் பார்ப்பதே மேல், பழைய பிளக்கின் பீங்கானில் தெரியாத கீறல் இருக்கும். கரண்ட் பார்க்கும்போது பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பை என்ஜின் இரும்பில் ஒட்டி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். ஆனால் பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், பெட்ரோல் நிறைந்து நனைந்திருந்த ஒரு ஸ்பிரேயர் என்ஜினை அப்படிப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து பீய்ச்சிய பெட்ரோல் ஆவி பிளக்கின் பொறியில் பற்றி முகத்துக்கு நேரே எரிந்தது. புருவமும் முன்முடியும் கருகியது. பக்கத்தில் பெட்ரோல் கேன் திறந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். முதலில் பிளக் இல்லாமல் பத்துத் தடவை இழுத்து ஆவியை வெளியேற்றி, ஓட்டையைத் துணியால் மூடி, பிளக்கைத் தள்ளி வைத்துப் பாருங்கள். கேப்பைக் கையால் பிடிக்க வேண்டாம், ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடியுங்கள்.

பொறி நீலமாகச் சுள்ளென்று அடித்தால் நல்லது. பொறியே இல்லையென்றால், சுவிட்சுக்கும் ஆயில் சென்சாருக்கும் போகும் ஒயரை, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலிலிருந்து பிரித்துவிட்டுப் பாருங்கள். அப்போது பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, சுவிட்ச் அல்லது சென்சார் ஒயர்தான் எங்கோ இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. எலி கடித்த இடமாகவும் இருக்கலாம். பிரித்தும் வராவிட்டால் காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே துரு ஏறியிருக்கலாம். உப்புத்தாளால் இரண்டையும் தேய்த்து, 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கம்ப்ரஷன் பற்றி மனதில் உறுத்தல் இருந்தால் இப்படிப் பாருங்கள். பிளக் இல்லாமல் கயிற்றை இழுங்கள், பிறகு பிளக் போட்டு இழுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கைக்குத் தெரிய வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி இழுங்கள். கனம் கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. மழைக் காலம் முழுக்க நின்ற என்ஜினில் வால்வு தண்டில் துரு பிடித்துத் திறந்தபடியே ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போதும் ரீபோர் தேவையில்லை. மேல் மூடியைக் கழற்றி வால்வை அசைத்து எடுத்து, ஆறிய நிலையில் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் சரியாகிவிடும். ஐந்து வருடம், அதுவும் வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடிய என்ஜினில் சிலிண்டர் தேய்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை, ஆயிலை மாற்றாமலே ஓட்டியிருந்தால் ஒழிய.

டூ-டி ஆயில் கலக்கவே வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவரிடம் இருப்பது தோளில் மாட்டும் புல்வெட்டி மிஷினாக இருக்கும். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்தால்தான் உயிர். உங்களுடையது நாலு ஸ்ட்ரோக், ஆயிலுக்குத் தனி இடம் இருக்கிறது. கலந்தால் பிளக் கரி பிடித்து, ஏற்கனவே இருக்கும் சிக்கலோடு இன்னொன்று சேரும். யாராவது மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னாலும் அதே பதில்தான். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே தனியாகச் செய்த பம்ப்செட் வேறு.

இதையெல்லாம் செய்ய உங்களுக்கு நேரமோ, கையில் ஸ்பேனரோ இல்லையென்றால் மெக்கானிக்கிடமே கொடுங்கள், தவறில்லை. ஆனால் “ஸ்டார்ட் ஆகல, பாருங்க” என்று கொடுக்க வேண்டாம். பிளக் காய்ந்திருந்தது, பிளக் ஓட்டையில் பெட்ரோல் விட்டால் ஓடுகிறது, கார்புரேட்டரைக் கழுவிப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். புது கார்புரேட்டர்தான் போட வேண்டும் என்றால், பழையதில் என்ன கெட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். கிண்ணம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலோ, உடம்பில் வெள்ளை அரிப்பு ஏறித் துவாரமே தின்றிருந்தாலோ மாற்றுவது நியாயம்தான். பழைய கார்புரேட்டரைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஐப்பசியில் மிஷினை உள்ளே வைப்பதற்கு முன்னால் டேங்கை வடித்து, அந்தப் பெட்ரோலைப் பைக்குக்கு ஊற்றிவிடுங்கள். டேப்பை மூடிக்கொண்டு என்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓட்டினால் கிண்ணமும் காலியாகும், மிச்சத்தை வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி இறக்கிவிடுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கயிற்றை மெதுவாக இழுத்துக் கனம் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. சைலன்சர் வாயில் ஒரு துணிப் பந்தைத் திணித்து, மறந்துவிடாமல் இருக்க அதன் ஒரு முனை வெளியே தொங்கும்படி விடுங்கள். பம்பில் இருக்கும் தண்ணீரையும் அடி மூடியைத் திறந்து வடித்துவிடுங்கள்.

மல்லிகைக்குக் கவாத்து முடிந்து துளிர் விடும் நேரம் இது, தண்ணீர் தள்ளிப்போகக் கூடாது. அதனால் முதலில் அந்தக் கண்ணாடி பாட்டிலை இன்றைக்கே பிடித்துப் பாருங்கள். அடியில் என்ன தேங்கியது, ஜெட்டில் வெளிச்சம் தெரிந்ததா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.